சின்ன கேமராவும் சாய்ந்த தராசும்

நான் முப்பத்தொன்றாம் வயதில் ஓய்வு பெற்றேன். கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்து ராஜினாமாக் கடிதம் கொடுத்தபோது, வைரமணி அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தன் ஆள் பதிவேட்டைத் திறந்தார். அதில் மூன்றே கட்டங்கள்தான் இருந்தன: சேர்ந்த நாள், விடுப்பு, ஓய்வு. அவருடைய மிளகாய் வத்தல் கடையில் அதுவரை யாரும் தானாக வேலையை விட்டதில்லை. "கட்டம் இல்லாதத நான் எங்க எழுத?" என்று கேட்டுவிட்டு, ஓய்வு என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார். எழுதிவிட்டதால் முறைப்படி ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் வந்தன. எனவே பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் இந்த வகைக் கட்டுரைக்கு எனக்கும் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

எழுத வைத்தவள் நஸ்ரின். வீரசோழன் ஊர்க்காரி. என் இடத்தில் இப்போது வேலை பார்க்கிறாள். போன வாரம் போன் செய்து, தொலைநோக்கியில் மாட்ட, படம் எடுக்கும் சென்சாரும் வழிகாட்டும் சென்சாரும் ஒரே பெட்டிக்குள் வரும் கேமராக்கள் இப்போது வந்துவிட்டன, அதை வாங்கலாமா, பழையபடி தனியாக ஒரு சின்ன கேமரா வாங்கலாமா என்று கேட்டாள். "எதெதப் பாக்கணும்னு லிஸ்ட்டா அனுப்புங்கக்கா. நீங்க லிஸ்ட்டு போடுற ஆளுன்னு நம்ம குடோன் பாண்டியம்மா அக்கா சொன்னாக" என்றாள். போட ஆரம்பித்தேன். ஏழாவது எண்ணோடு கேமரா முடிந்து அண்ணாச்சி நுழைந்துவிட்டார். அவருக்கு எண் போட முடியவில்லை.

வேலைக்கு முந்திய வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரிக்குடிப் பக்கம் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தார்கள். பிறகு அப்பா லோனில் ஷேர் ஆட்டோ எடுத்து எம்.ரெட்டியபட்டிக்கு வந்தார். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் செல்போன் கேமராக்களைச் சோதித்தேன். ஒரே சுவரை லட்சம் தடவை படம் எடுத்தேன். சுவர் அலுத்ததும் ஊர் திரும்பினேன். அப்போதுதான் அண்ணாச்சி வானத்தைப் படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் அவருக்கு வத்தல் மூட்டையும் மல்லி விதை மூட்டையும் அடுக்கிவைக்கும் குடோன் ஒன்று உண்டு. ஒரு சுற்றுலாவில் யாரோ வைத்திருந்த தொலைநோக்கியில் சனிக் கிரகத்தின் வளையத்தைப் பார்த்தவர், "இம்புட்டு நாளும் இத எவனும் எங்கிட்ட சொல்லலையே" என்று கோபித்துக்கொண்டு திரும்பி, அந்தக் குடோனின் மொட்டை மாடியில் திறந்து மூடும் கூரையோடு ஓர் அறை கட்டித் தொலைநோக்கி வைத்தார். வாரம் இரண்டு நாள் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் மேகம் எட்டிப் பார்க்காத சீமை. விவசாயத்துக்கு ஆகாத வானம் எங்கள் வேலைக்கு அருமையாக இருந்தது. ஒரே குறை, குடோனிலிருந்து நெடி மேலே ஏறும். தும்மினால் படம் ஆடும். ஆகவே படம் எடுக்கும்போது முகத்தில் துண்டு கட்டியிருப்பேன்.

வழிகாட்டுவது என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றோடு கூடவே திரும்பும்படி தொலைநோக்கியை மோட்டார் வைத்த தாங்கி ஒன்றில் ஏற்றியிருப்போம். ஆனால் எந்த மோட்டாரும் துல்லியமாகத் திரும்பாது. ஐந்து நிமிடம் திறந்து வைத்துப் படம் எடுத்தால் நட்சத்திரம் அரிசியாக நீளும். அதற்காகப் பெரிய தொலைநோக்கியின் முதுகில் ஒரு குட்டித் தொலைநோக்கியை ஏற்றி, அதன் பின்னால் சின்ன கேமராவைச் செருகுவோம். அது ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் இம்மி விலகினாலும் மோட்டாருக்குச் சொல்லும். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா, வா, லெஃப்ட்ல ஒடி" என்று கத்தும் கிளீனரின் வேலை அது. நல்ல படம் வந்தால் பேர் பெரிய கேமராவுக்கு. கிளீனரை யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் சேர்ந்தபோது கிளீனர் இடத்தில் ஒரு பழைய வெப் கேமரா இருந்தது. சித்திரை மாதத்தில் ஒரு நாள், நட்சத்திரத்தின் விலகலைக் கணினியில் கோடாகக் காட்டும் அதன் வரைபடம் ஆணி அடித்தது போல நேர்கோடாக நின்றது. விலகலே இல்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் தலையாட்டினார். அரை மணி கழித்துப் படத்தைத் திறந்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் கொத்தவரங்காய் நீளம். விஷயம் என்னவென்றால், எங்கள் சீமை வெக்கையில் சென்சாரின் ஒரு புள்ளி சூடேறித் தானாகவே ஒளிர்ந்திருக்கிறது. கேமரா அதை நட்சத்திரம் என்று நம்பி, அரை மணி நேரமும் அதையே பக்தியோடு பார்த்திருக்கிறது. அது சென்சாரிலேயே இருப்பது, எப்படி நகரும்? நஸ்ரின், குறித்துக்கொள்: மூடியைப் போட்டு இருட்டுப் படம் எடுத்து, சூட்டுப் புள்ளிகளைக் கழிக்காமல் தொடங்காதே. வரைபடம் ரொம்ப அழகாக இருந்தால் சந்தேகப்படு.

அதன் பிறகுதான் புது கேமரா வாங்கும் பேச்சு வந்தது. மதுரையிலிருந்து ஒரு விற்பனையாளர் இரண்டு மாதிரிகளோடு வந்தார். ஒன்று டபரா அளவு, கலர், உள்ளே விசிறி. மற்றொன்று கட்டைவிரல் அளவு, கருப்பு வெள்ளை. நான் சின்னதைக் கேட்டேன்.

அண்ணாச்சி சரக்கு வாங்கும் முறை ஒன்றுதான். பொருள் எதுவானாலும் மாறாது. முதலில் கையில் ஏந்திக் கனம் பார்ப்பார். பிறகு காதருகே குலுக்குவார். பிறகு மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். சின்ன கேமராவைக் குலுக்கினார்.

"உள்ள ஒண்ணும் ஆடலையே தாயி."

"ஆடக் கூடாது அண்ணாச்சி."

"வத்தல்னா ஆடணும். வெதச் சத்தம் கேட்டாத்தான் காஞ்ச சரக்கு."

"இது நல்லாக் காஞ்ச சரக்குதான் அண்ணாச்சி."

விற்பனையாளர் இடையில் புகுந்தார். "சார், பெருச வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்."

"எல்லாத்துக்கும் ஆகும்னு சொல்ற சரக்க நான் வாங்குறதில்ல தம்பி" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஆனா கலர் இருக்கையில கருப்பு வெள்ளையக் கேக்கியே. கருப்பு வெள்ளை டிவிய நான் எடைக்குப் போட்டு முப்பது வருசமாச்சு."

"இது பாக்குறதுக்கு இல்ல அண்ணாச்சி. கவனிக்கிறதுக்கு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கடைக்கு வார கூட்டத்தப் பாக்குறது ஒண்ணு. அதுல ஒரே ஒரு ஆளு கைய மட்டும் கவனிக்கிறது ஒண்ணு."

இதை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் அண்ணாச்சி சின்ன கேமராவை மேசை மேல் முன்னைவிட மெதுவாக வைத்தார்.

நஸ்ரினுக்கு வேண்டிய பகுதி இது. கருப்பு வெள்ளையா என்று பார். கலர் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் நிறச் சல்லடை இருக்கும். வருகிற கொஞ்ச வெளிச்சத்திலும் பெரும்பங்கைத் தின்றுவிடும். மெகாபிக்சல் எண்ணைப் பார்க்காதே. மங்கல் நட்சத்திரத்தை இரண்டு நொடிக்குள் தெளிவாகப் பிடிக்கிறதா என்று பார். குளிரூட்டும் விசிறி வழிகாட்டிக்கு வேண்டாம். கண்வில்லை செருகும் ஒன்றேகால் அங்குலத் துளைக்குள் முழுதாக இறங்கினால் நல்லது. கரண்டும் தகவலும் ஒரே கேபிளில் போகட்டும். தொங்குகிற ஒவ்வொரு கேபிளும் இழுக்கும். நிலாவையும் வியாழனையும் படம் எடுக்கவும் இதே சின்ன கேமரா போதும். ஒரே பெட்டிக்குள் இரண்டு சென்சார் என்பது வசதிதான். ஆனால் ஒன்று பழுதானால் இரண்டும் சேர்ந்து ரிப்பேருக்குப் போகும், அதையும் யோசி. இனி வருவது எந்தக் கேமராவின் கையேட்டிலும் இல்லாதது.

அண்ணாச்சியின் மகன்கள் இருவர். வத்தல் வரத்துக் காலம் நெருங்கியதால், மொட்டை மாடியைக் காயப்போடத் தரும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அண்ணாச்சி எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று ஒரு தீர்ப்பு எழுதினார். எழுதிய தாளை எனக்குப் படித்துக் காட்டினார். சின்ன கேமராவை வாங்கிப் பார்க்கலாம்; திருப்பித் தரப் பதினைந்து நாள் தவணை. அதற்குள் நட்சத்திரங்கள் உருண்டையாக ஒரு படம் வர வேண்டும். வராவிட்டால் கேமரா மதுரைக்குப் போகும், தொலைநோக்கி உறைக்குள் போகும், மாடி வத்தலுக்குப் போகும். நான் எங்கே போவேன் என்று எழுதவில்லை. கேட்டேன்.

"நீ கீழ வந்து மல்லிச் சிட்டை எழுது. கையெழுத்து நல்லாத்தான இருக்கு" என்றார்.

முதல் நாள் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து டிக் அடித்தேன். அதில் ஒன்று சமநிலை. எங்கள் தாங்கி ஏறத்தாழ ஒரு தராசு. தண்டின் ஒரு முனையில் தொலைநோக்கி. மறுமுனையில் இரும்பு எடைக்கல். இரண்டும் சமமாக நின்றால்தான் மோட்டார் சிரமப்படாது. ஆனால் முழுச் சமமும் ஆகாது. மோட்டாரின் பல்லுக்கும் சக்கரத்தின் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. சமமாக நின்றால் சக்கரம் அந்த இடைவெளியில் இங்கும் அங்கும் மிதக்கும். ஆகவே எப்போதும் கிழக்குப் பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும்படி வைப்போம்; பல் பல்லோடு சாய்ந்து நிற்கும். நான் எடைக்கல்லை ஒரு விரல் அகலம் நகர்த்திக் கிழக்கே சாய்த்து வைத்து, அந்த இடத்தில் தண்டில் கோடு போட்டேன். அன்றிலிருந்து இரவு மூடும்போது பனி ஈரம் போகக் கல்லைக் கழற்றித் துடைத்து, பழையபடி அந்தக் கோட்டிலேயே மாட்டிவிட்டு இறங்குவேன். டிக்.

மாசி மாதம். விளக்கு வைக்கும் நேரத்துக்கே வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம் தலைக்கு மேல் வந்துவிடும். அதன் நடுவில் உள்ள ஒளிமேகத்தைத்தான் எடுக்க நினைத்தேன். அந்த முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் தொடங்கினேன். சின்ன கேமரா "கிழக்கே போ" என்றது. தாங்கி அசையவில்லை. மறுபடி சொன்னது. அசையவில்லை. மூன்றாம் முறை சொன்னதும் தாங்கி ஒரேயடியாகத் தாண்டிப் போய் நின்றது. படத்தில் எல்லா நட்சத்திரமும் இரட்டைப் பிள்ளை. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாளும்.

சந்தேகப் பட்டியல் போட்டேன். கேபிள். குவியம். குட்டித் தொலைநோக்கியின் திருகுகள். கணினி அமைப்புகள். காற்று. கடைசியாக, எழுத மனமில்லாமல், கேமரா. ஒரு நாளைக்கு ஒன்றாகச் சோதித்து அடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு மாலையும் தொலைநோக்கி நான் விட்ட நிலையிலிருந்து கொஞ்சம் விலகியிருந்ததையும் கவனித்தேன். அதைக் காற்றின் கணக்கில் எழுதினேன். சமநிலை பட்டியலில் இல்லை. டிக் அடித்ததை மறுபடி பட்டியலில் சேர்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. பட்டியல் போடுகிறவர்களுக்கென்றே உள்ள நோய் இது.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, புதுக் கேபிள் மாட்டினேன். வரைபடம் ஒழுங்காக ஓடியது. முதல் படமே உருண்டை நட்சத்திரங்களோடு வந்தது. இரண்டாவது படத்துக்குள் கரண்டு போய்விட்டது. ஒரு படம் போதாது. பல படங்களைச் சேர்த்தால்தான் ஒளிமேகம் எழும்பும். ஆனாலும் நோய் தெரிந்துவிட்டது என்று நிம்மதியாக, அதே மாதிரிக் கேபிள் இன்னும் மூன்று வாங்கச் சொன்னேன். சனிக்கிழமை அதே கேபிளில் பழையபடி இரட்டைப் பிள்ளை.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் குடோன் வாசலில் உட்கார்ந்து, நாள்வாரியாக ஓர் அட்டவணை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டியம்மா அக்கா பக்கத்தில் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். குடோனில் இருபது வருட ஆள். மாடிச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும்.

"என்னத்தப் புள்ள இம்புட்டுக் கட்டம் போட்டு வச்சிருக்க? தாயம் ஆடப் போறியா?"

"ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் நல்லா வந்துச்சுக்கா. மத்த நாளு வரல. அந்த வெள்ளிக்கிழமை என்ன வித்தியாசம்னு தெரியல."

"வெள்ளிக்கிழமையா? அன்னைக்கு மேல யாரும் ஏறலையே. அண்ணாச்சி நரிக்குடிக்குக் கல்யாணத்துக்குல்ல போயிருந்தாக."

பேனாவை மூடினேன். "அப்ப மத்த நாளு?"

"மத்த நாளு அஞ்சு மணிக்கு ஏறுவாக. தராசு பாத்துட்டு எறங்கிருவாக."

"எந்தத் தராசுக்கா?"

"மேல ஒண்ணு வச்சிருக்கியே, அதுதான். எங்கிட்ட கேட்டா?"

நான் வழக்கமாக ஆறு மணிக்குத்தான் வருவேன். மறுநாள் நாலே முக்காலுக்கு மாடியில் கூரை ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். செருப்பை வெளியே கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை. தாங்கியின் பூட்டைத் தளர்த்தித் தண்டைக் கிடைமட்டமாகப் பிடித்து, விட்டார். தொலைநோக்கிப் பக்கம் மெல்ல இறங்கியது. உச்சுக்கொட்டினார். எடைக்கல்லின் திருகைத் தளர்த்தி, நெல்முனை அளவு நகர்த்தி, மறுபடி விட்டுப் பார்த்தார். மூன்றாவது முறை தண்டு அப்படியே நின்றது. மூச்சுப் படாமல் ஒரு நிமிடம் பார்த்தார். நாற்பது வருடத் தராசுக்காரரின் கை. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு துல்லியமான சமநிலையை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி."

அவர் திடுக்கிடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார். தனக்காக இல்லை, எனக்காகச் சங்கடப்பட்டார்.

"நீ சின்னப் புள்ள தாயி. அவசரத்துல சாச்சு வச்சுட்டுப் போயிர்ற. மொத நாளே பாத்துட்டேன். சொன்னா உம் மனசு சங்கடப்படுமேன்னு நானே சரி பண்ணிட்டு எறங்கிருவேன். யாருட்டயும் சொல்லல."

பதினாலு நாளாக இந்த மனிதர் என் தவறை மறைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அதனால் நான் மல்லிச் சிட்டை எழுதப் போகிறேன். இதில் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், பல்லையும் சக்கரத்தையும் சொன்னேன். இடைவெளியைச் சொன்னேன். சமமாக நின்றால் மிதக்கும் என்றேன். அண்ணாச்சி இரண்டு விரலைக் கோத்து ஆட்டிப் பார்த்தார்.

"அதாவது, லோடு இல்லாத வண்டி ரோட்டுல குதிச்சுக்கிட்டே வரும். லோடு ஏத்தினா அமந்து வரும்."

"அதேதான் அண்ணாச்சி."

"அது சரி. ஆனா எங் கட்டடத்துல தராசு சாஞ்சு நின்னா, பாக்குறவன் என்ன சொல்லுவான்? எங்கப்பா காலத்துலருந்து அந்தப் பேச்சு வந்ததில்ல." கொஞ்ச நேரம் நடந்தார். நின்றார். "எந்தப் பக்கம் சாயணும்?"

"கிழக்க."

"தெச கேக்கல. சரக்குத் தட்டா, எடைக்கல்லுத் தட்டா?"

பொறியியல் படிப்பில் இந்தக் கேள்வி வரவில்லை. யோசித்தேன். வேட்டைக்காரன் உச்சி தாண்டி மேற்கே இறங்குகிறான். மேற்கில் இருப்பதைப் பார்க்கும்போது தொலைநோக்கி தாங்கியின் கிழக்குப் பக்கம் நிற்கும். ஆகவே கனமாக வேண்டியது தொலைநோக்கிப் பக்கம்.

"சரக்குத் தட்டு அண்ணாச்சி."

அவர் முகம் தெளிந்தது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? சரக்குத் தட்டு தாந்தா வாங்குறவனுக்குக் கூடப் போகுது. அது கொசுறு. அதுல ஒரு கேவலமும் இல்ல." அவரே திருகைத் தளர்த்தி, "இம்புட்டுப் போதுமா? இன்னுங் கொஞ்சமா?" என்று கேட்டுக் கேட்டு நகர்த்தினார்.

அன்று சின்ன கேமரா சொன்னதைத் தாங்கி கேட்டது. பதினைந்தாம் நாளும் கேட்டது. இரண்டு நாள் படங்களையும் சேர்த்தபோது ஒளிமேகம் சிறகு விரித்ததுபோல எழும்பியது. சுற்றிலும் கடுகு கடுகாக உருண்டை நட்சத்திரங்கள். அண்ணாச்சியும் இரண்டு மகன்களும் திரையின் முன் நின்றார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு அண்ணாச்சி கேட்டார்.

"இதுல எது நம்ம சின்ன கேமரா எடுத்தது?"

"அது எதையும் எடுக்கல அண்ணாச்சி."

"அப்ப ரெண்டு நாளும் என்ன செஞ்சுச்சு?"

"இந்தா, ஓரத்துல இருக்கே, இந்த ஒரு நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டே இருந்துச்சு."

"வேற எங்கயும் திரும்பல?"

"திரும்பல."

அண்ணாச்சி மகன்களைப் பார்த்தார். "அந்த மாதிரி ஒரு ஆளு கடைக்குக் கெடச்சா சொல்லுங்கலே" என்றார். மாடியைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. அந்த வருடம் வத்தல் வழக்கம்போல களத்தில் காய்ந்தது.

எனக்கு ஒரு குறை இருந்தது. கையோடு சொல்லிவிடுவது நல்லது என்று அப்போதே சொன்னேன். "அண்ணாச்சி, மேற்க இருக்கிறதப் பாத்தாத்தான் சரக்குத் தட்டு தாழும். கிழக்க இருக்கிறதப் பாக்க தொலைநோக்கி மாறி நிக்கும். அப்ப எடைக்கல்லுத் தட்டு தாழணும்."

மகன்கள் அப்பாவைப் பார்த்தார்கள். எடைக்கல் பக்கம் தாழ்ந்தால் அது வாங்குகிறவனை ஏமாற்றும் தராசு என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அண்ணாச்சி தீர்ப்புத் தாளை எடுத்தார். அடியில் "சரக்கு ஏற்கப்பட்டது" என்று எழுதினார். அதற்கும் கீழே "கிழக்கே பார்க்க வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பாதி வானம் போயிருமே அண்ணாச்சி" என்றேன்.

"எங்க போகும்? எல்லாம் இந்தப் பக்கந்தான வருது" என்றார் அண்ணாச்சி. "வரட்டும். வந்ததும் எடு."

அதற்குப் பிறகு நான் அங்கிருந்த ஐந்து வருடமும், ஒவ்வொன்றும் உச்சி தாண்டும்வரை காத்திருந்துதான் எடுத்தோம். வராமல் போனது என்று ஒன்றும் இல்லை.